நூல்காரர் தெரு, இரண்டாம் காலாண்டு

படகு என்று பொருள் இந்த நகரின் பெயருக்கு.
மிதக்க ஆறில்லை.
இருந்த சிற்றாறுகளையும் ஆலைக்காரர்கள்
எப்போதோ குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள்.
வூச் நகரின் வடக்கே
நூல்காரர் தெருவின் கணக்கு என் மேசைக்கு வரும்,
மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம்,
ஐந்தைந்து வயதாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும்.
கோபுரம் போல வரவேண்டுமாம்,
அடி அகன்று, நுனி கூர்ந்து.
இந்தத் தெரு வரைந்தால் பம்பரமாகிறது.
தலை பெருத்து, ஓர் ஆணியில் நிற்கிறது.
ஆணியில் ஆறு குழந்தைகள்.

வலப்பக்கம் எண்பதைத் தாண்டியும் நீள்கிறது.
இடப்பக்கம் அறுபத்து நான்கில்
யாரோ கடித்து எடுத்த ரொட்டி.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு;
'நுரையீரல்' என்றால் நிரம்பிவிடும்.
பஞ்சுத் தூசு, கரியடுப்பு, சிகரெட்டு,
ஆலை மூடிய மறுவாரம்
காலை ஏழு மணிக்கே திறந்த புட்டி,
எல்லாம் அந்தச் சொல்லுக்குள்
முழங்காலை மடக்கி உட்கார வேண்டும்.

போன ஆண்டு அதிகாரி குஸ்தாவ் எல்லோருக்கும் கேக் வாங்கினார்.
இறப்பு பாதியாகிவிட்டது, அம்புக்குறி கீழே.
நான் பெயர்களை எடுத்துப் பார்த்தேன்.
முந்தின குளிர்காலமே பலரை
முன்பணமாக வாங்கிக்கொண்டிருந்தது.
இன்னும் ஒன்பது பேர் மகள் வீட்டுக்கு, மகன் வீட்டுக்கு,
வேறொரு தெருவின் கட்டத்தில் சாகப் போயிருந்தார்கள்.
கேக் நன்றாகத்தான் இருந்தது.

இந்த ஆண்டு அம்பு மேலே.
மூச்சிரைப்பு: பதினொன்று, ஐம்பத்திரண்டாகியிருக்கிறது.
"கொள்ளைநோயா அங்கே?" என்றார் குஸ்தாவ்.
டிராம் ஏறிப் போனேன்.

நோய் வரவில்லை. டாக்டர் வந்திருந்தார்.
இடாலியா, முப்பத்தொரு வயது,
பிள்ளைகள் போதாமல் மூடிய பள்ளியில்
ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்றோடு.
கோட்டு மாட்டும் கொக்கிகள் இன்னும் இடுப்பு உயரத்தில்;
எழுபது வயதுக்காரர்கள் குனிந்து மாட்டுகிறார்கள்.

லியோகாடியா ஊதினாள்.
நாற்பது ஆண்டு நூற்பு எந்திரத்தருகே நின்றவள்.
முள் அசைந்து, மனம் மாறி, திரும்பிப் படுத்தது.
"இது கெட்டுப்போச்சு டாக்டர்."
உள்ளங்கையில் தட்டினாள். மறுபடி ஊதினாள்.
"எல்லோரும் இப்படித்தான் மூச்சு விடுறாங்கன்னு
நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்,
இடத்தை அடைத்துக்கொண்டதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

மூன்றாம் எண் வீட்டில், கார்கிவிலிருந்து
ஸொரியானாவும் மூன்று பிள்ளைகளும்.
அவர்கள் வந்த மாதம் அந்தக் கட்டடத்தின் சராசரி வயது
ஏழு குறைந்தது.
யாரும் ஒரு நாள்கூட இளைஞராகவில்லை.
ஆனால் நான்காம் மாடி ஜிக்முன்ட்,
இலையுதிர்காலத்திலிருந்து வாசல் தாண்டாதவர்,
பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள் என்று புகார் சொல்ல
எழுபத்தெட்டுப் படி இறங்கி வருகிறார் தினமும்.
ஞாயிறும் விடுவதில்லை.
இதற்குக் கட்டம் எங்கே?

"நீங்களும் ஊதுங்கள்" என்றார் இடாலியா.
விளையாட்டாகத்தான் வாங்கினேன்.
முள்ளைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை,
வயது கேட்டார். நாற்பத்தேழு.
முகவரி கேட்டார்.

நான்கு நிறுத்தம் தள்ளி.
என் தெருவில் டாக்டர் இல்லை.
என் தெருவில் மூச்சிரைப்பு பூஜ்யம்;
மூன்று ஆண்டாக நானே போட்டு வரும் பூஜ்யம்,
வாயைத் திறந்தபடி, உருண்டையாக.

விளக்கம்: இருபது சொற்களுக்கு மிகாமல்.
'நோய் கூடவில்லை. கேட்க ஆள் வந்திருக்கிறார்' என்று எழுதினேன்.
பதினான்கு சொல் மிச்சம்.
டிராம் நிறுத்தத்தில் சிகரெட்டை எடுத்தேன், உள்ளே வைத்தேன்,
எடுத்தேன்.
வண்டி தாமதம் என்றது பலகை,
எட்டு நிமிடம், பிறகு பதினொன்று.